தம்பி வீட்டு மூங்கில் தரை

2.11.86, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். கல்லறைத் திருநாள். அம்மாவின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்க முடியவில்லை, ஈரம். மெழுகுவர்த்தி இரண்டு முறை அணைந்தது. அப்பா வந்தார். கோவிலிலிருந்து கல்லறை வரை சூசையின் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தார். நான் குடை பிடித்தேன். குடை பிடித்தவனை யார் கவனிக்கிறார்கள்.

சூசை என் தம்பி. பதினேழு வருடம் பட்டாளம், கடைசி ஆறு வருடம் அஸ்ஸாம் பக்கம். ஈஸ்டருக்கு முன் பென்ஷனோடு வந்து எதிர்வீட்டில் குடியேறினான். அது முதல் தெருவில் அவன் பேச்சுதான்.

சித்தேரி மலையிலிருந்து காட்டிலாகா பாஸ் வாங்கி இறக்கிய மூங்கிலை மூன்று வாரம் ஏரியில் ஊறப் போட்டிருந்தான். நாற்றம் தெரு முழுக்க. பிறகு நிழலில் நிறுத்தி உலர வைத்தான். இன்று தட்டிப் பார்த்துவிட்டு, "இனி பொளந்துடலாம்" என்றான். கீழறை முழுக்க மூங்கிலில் தரை போடப் போகிறானாம். அஸ்ஸாமில் எல்லா வீட்டிலும் அப்படித்தானாம்.

நான் போன வருடம் மொசைக் போட்டேன். இந்தத் தெருவில் முதல் மொசைக்.

6.11.86, வியாழன்

வெயில். பள்ளிக்கூட ஆபீசில் சம்பளப் பட்டியல், இரண்டு பேர் வரவில்லை, தலைமையாசிரியர் என்னைத்தான் திட்டினார்.

மாலை வந்தால் வீட்டில் அப்பா இல்லை. எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். காலையிலிருந்தே அங்கேதானாம். சாப்பாடும் அங்கே.

சூசை செய்வது:
மூங்கிலை நாலு, ஆறு பத்தைகளாகப் பிளக்கிறான்.
உள் கணுவைச் செதுக்குகிறான்.
பத்தைகளின் ஓரத்தை இழைக்கிறான்.
உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறான்.
வேப்பெண்ணெய் தடவி அடுக்குகிறான். பூச்சி வராதாம்.

வேடிக்கை பார்க்கப் பத்துப் பேர். போன வருடம் என் மொசைக்குக்கு பாலீஷ் போட்டபோது இவர்களே வந்து, "கண்ணாடி மாதிரி இருக்குதுங்க" என்றார்கள். அன்று அப்பா என்ன சொன்னார்? "வழுக்குமாடா?" அவ்வளவுதான்.

இன்று பத்தையைத் தடவி, "பட்டு மாதிரி கீதுடா" என்கிறார்.

அவர் பட்டு உடுத்தி நான் பார்த்ததில்லை.

9.11.86, ஞாயிறு

தரை முடிந்தது. கீழே வேப்பஞ்சட்டம், மேலே பத்தை. நேராக ஆணி அடித்தால் பிளந்துவிடும் என்று ஒவ்வொன்றுக்கும் முதலில் துளை. சுவரோரம் ஒரு விரல் இடைவெளி, மழைக்காலத்தில் மூங்கில் உப்புமாம். மேலே சூடான ஆளிவிதை எண்ணெய் இரண்டு கை பூச்சு. குற்றம் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அதுதான் எரிச்சல்.

பூசை முடிந்து பங்குத்தந்தை வந்து செபம் சொல்லி வீட்டை மந்திரித்தார். ஷூவைக் கழற்றிவிட்டு, கூடவே சாக்ஸையும் கழற்றி நடந்து பார்த்தார். என் வீட்டுக்கு வந்தபோது வாசற்படியிலேயே தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனவர்.

என் வீட்டுக்காரி ரோசலியும் போய் வந்தாள். "உள்ளங்காலுக்கு என்னா எதமா இருக்குதுங்க" என்றாள். சட்டினியில் உப்பு இல்லை என்று சத்தம் போட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

12.11.86, புதன்

குளிர் ஆரம்பம். அப்பா போய்விட்டார்.

எங்கே போனார், எதிர்வீட்டுக்கு. இருபது அடி. ஆனாலும் கட்டில், டிரங்குப் பெட்டி, போர்வை, சர்க்கரை மாத்திரை, மாதா சுரூபம் எல்லாம் போயிற்று.

"காலு கொடையுதுடா பெரியவனே. ஒன் தரையில காலைல எறங்குனா ஐஸ் மேல நிக்கறாப்பல கீது. குளிர் போனதும் வந்துர்றேன்."

"செருப்பு வாங்கிக் குடுத்தேனே."

"வூட்டுக்குள்ள செருப்பு போட்டுக்கிட்டு செபம் சொல்றதா?"

பதினொரு வருடம் என்னிடம் இருந்தார். சூசை மாதம் ஒரு கடிதம் எழுதுவான், நான் படித்துக் காட்டுவேன். ஊசி போடக் கூட்டிப் போனது, பேதிக்கு வேட்டி துவைத்தது, எல்லாம் இந்த வீட்டில். ஒரு தரை போதுமாக இருந்திருக்கிறது.

பெட்டியை சூசை தூக்க வந்தான். நானே தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். ஏன் என்று தெரியவில்லை.

13.11.86, வியாழன்

மொசைக்கை ரோசலி துடைத்துவிட்டாள். நன்றாக மின்னுகிறது. அப்பாவின் கட்டில் இருந்த இடத்தில் நாலு கால் தடம். சோடா போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. குடை கம்பி ரிப்பேருக்குக் கொடுக்க வேண்டும்.

16.11.86, ஞாயிறு

வானம் மப்பு. பூசைக்குப் பிறகு அப்பாவைப் பார்க்கப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். முகம் தெளிவாக இருந்தது. நான் வந்ததால் அல்ல, வருவதற்கு முன்பே.

சூசை தன் மனைவி ஸ்டெல்லாவுக்குச் சட்டம் சொல்லிக்கொண்டிருந்தான், பட்டாளத்தில் சொல்வது போல. தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. துணியை நன்றாகப் பிழிந்து ஒரு தடவை துடைத்தால் போதும். தென்னந்துடைப்பம் கூடாது, பூந்துடைப்பம்தான். கட்டில் காலுக்கு சைக்கிள் டியூப் வெட்டிப் போட வேண்டும். மழை விட்டதும் ஜன்னல் திறக்க வேண்டும். மஞ்சள் பொடி மாதிரி எங்கேயாவது உதிர்ந்தால் உடனே சொல்ல வேண்டும், அது வண்டு.

ஸ்டெல்லா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இந்தத் தரைய பாக்கற பாங்குல என்னைப் பாத்திருந்தா நான் எப்பவோ குண்டாயிருப்பேன் மாமா."

நானும் சிரித்தேன். கீழே உட்கார்ந்திருந்தேன், அப்பாவின் கால்மாட்டில். கையைத் தரையில் ஊன்றி எழுந்தபோது தட்டுப்பட்டது. கணு இருந்த இடத்தில் ஒரு சிலாம்பு கிளம்பியிருக்கிறது. ஒரு விரல் நீளம், ஊசி மாதிரி. கட்டில் பக்கம், அப்பா கால் வைத்து இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில்.

சொல்லவில்லை.

சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் அப்பா, "சின்னவன் கை ராசி பாருடா" என்றார். மூடிக்கொண்டேன். ஒரு குறையாவது இருக்கட்டும். வேறு யாராவது கண்டுபிடித்து நாலு பேர் முன்னால் சொல்லட்டும்.

வீட்டுக்கு வந்ததும் கறிக்குழம்பு. இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டேன்.

21.11.86, வெள்ளி

ஆபீசுக்கு ஸ்டெல்லா ஓடி வந்தாள். அப்பாவுக்குக் காய்ச்சல், நடுக்கம். போர்வையை விலக்கினால் வலது கால் சுண்டுவிரல் கறுத்து வீங்கியிருக்கிறது. சிலாம்பு ஏறியது செவ்வாய்க்கிழமை. தானே பிடுங்கி எறிந்துவிட்டு, துணி சுற்றி, போர்வைக்குள் மறைத்து வைத்திருக்கிறார். சர்க்கரைக்காரர். மூன்று நாள்.

"ஏம்ப்பா சொல்லல?" சூசை கத்தினான்.

"நீ அவ்ளோ ஆசையா போட்ட தரைடா. மனசு கஷ்டப்படுவ."

என் வீட்டில் என்றால் ஏறிய நிமிடமே சொல்லியிருப்பார். கூடவே திட்டியும் இருப்பார்.

அந்த நேரத்திலும் இதைத்தான் நினைத்தேன். எழுதி வைக்கிறேன்.

வாடகைக் காரில் தருமபுரி ஆஸ்பத்திரி. அப்பா தலை சூசை மடியில், கால் என் மடியில்.

24.11.86, திங்கள்

சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். அழுகல் மேலே ஏறாமல் இருக்க வேறு வழி இல்லை என்றார் டாக்டர்.

லீவு. நான்கு நாளாக நான்தான் கூட இருக்கிறேன். கண் விழித்தால் கேட்பது, "சின்னவன் வந்தானா?"

"காலைல பஸ்ல வருவான்ப்பா."

"அழுவறானா?"

"இல்ல."

"ஒம்போது வெரல்ல நடக்க முடியாதா என்னா. அவன்கிட்ட சொல்லு."

சொன்னேன். ஆஸ்பத்திரி வாசலில் சூசை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். பதினேழு வருட பட்டாளக்காரன். தோள் குலுங்கியது. அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். டீ வாங்கிக் கொடுத்தேன்.

26.11.86, புதன்

ரோசலியை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன், குளிக்க. எதிர்வீட்டில் படார் படார் என்று சத்தம். சூசை கடப்பாரையை விட்டுத் தரையைப் பெயர்க்கிறான். கட்டில் பக்கம் பாதி போய்விட்டது. கீழே பழைய மண்தரை.

"டேய், நிறுத்துடா."

"என்னாலதாண்ணே. ஒவ்வொரு கணுவும் கையால தடவிப் பாத்தேன். எப்பிடி உட்டேன்னு தெரில. அப்பா வெரல நான்தான் எடுத்தேன்."

இரண்டாவது முறையும் அதையே சொன்னான். மூன்றாவது முறை சொல்ல விடவில்லை.

"எனக்குத் தெரியும்டா. ஞாயித்துக்கெழமையே தெரியும். கையில தட்டுப்பட்டுது."

கடப்பாரை நின்றது.

"தெரிஞ்சுமா?"

"சொல்லல."

"ஏண்ணே?"

மழுப்ப ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். "பொறாமைடா" என்றேன். அந்தச் சொல்லை என் வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை. ரொம்பச் சின்னச் சொல்.

ஸ்டெல்லா கதவோரம் சோற்றுத் தட்டோடு நின்றிருந்தாள். கேட்டுவிட்டாள்.

சூசை என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வெளிய போங்கண்ணே" என்றான். அப்போதும் 'ங்க'. அதிலும் என்னைவிட அவன் ஒரு படி மேல்.

29.11.86, சனி

ஆஸ்பத்திரியில் இருவரும் மாறி மாறி. அவன் வரும் பஸ்ஸில் நான் திரும்புகிறேன். பேச்சு இல்லை. ரோசலியிடம் சொன்னேன். முறத்தில் இருந்த அரிசியைப் புடைத்து முடித்தாள். பிறகு, "மாமாகிட்டயும் சொல்லிருங்க" என்றாள்.

அப்பாவிடம் சொன்னேன். கண்ணை மூடியே கேட்டார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன்.

"அவனுக்குத் தொட்டில் கட்டுனப்போ நீ கீழ படுத்துக்கிட்டு ரெண்டு நாள் பால் குடிக்கல. அஞ்சு வயசு" என்றார். அப்புறம், "தண்ணி குடு."

கொடுத்தேன். மன்னித்தாரா இல்லையா தெரியவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

2.12.86, செவ்வாய்

வெயில். அப்பாவை வீட்டுக்கு விட்டார்கள். தெரு முனையில் காரை நிறுத்தி, "எங்க போலாம்ப்பா?" என்றேன். "சின்னவன் வூட்டுக்கு" என்றார், யோசிக்காமல். தரை பெயர்ந்து கிடப்பதைச் சொன்னேன். சூசையை அழைத்துத் திட்டினார்: "ஒரு வெரலு போச்சுன்னு தரையவே பிடுங்குவியா? கை வெச்சத முடிச்சுக் குடு. அதுவரைக்கும் பெரியவன் வூட்ல இருக்கேன்."

அதுவரைக்கும்.

கட்டிலைப் பழைய இடத்திலேயே போட்டேன். மொசைக் மேல் இரண்டு மடிப்பு கோணிச் சாக்கு, அதன் மேல் ஜமுக்காளம். இதைப் போன குளிரிலேயே செய்திருக்கலாம். தோன்றவே இல்லை. மொசைக்கை மறைத்துவிடும்.

4.12.86, வியாழன்

பனி. ஆபீஸ் விட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தேன். சூசை வாசலில். என் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னான்.

"சட்டமெல்லாம் மறுபடி போட்டுட்டேன். பத்தையோட அந்த முனைய ஆள் அழுத்திப் புடிச்சாத்தான் ஆணி நேரா எறங்கும்."

ஸ்டெல்லா பிடிக்கமாட்டாளா, தெருவில் வேறு ஆள் இல்லையா. கேட்கவில்லை. அப்பா கட்டிலிலிருந்து, "போடா" என்றார்.

போனேன். நான் பிடிக்கப் பிடிக்க அப்பா போகும் நாள் கிட்டே வருகிறது. தெரிந்துதான் பிடித்தேன். ஆறு பத்தை போட்டோம். ஒன்று கோணிவிட்டது, என் தப்பு. பிடுங்கி மறுபடி அடித்தான். ஸ்டெல்லா இரண்டு டம்ளர் காபி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் இன்னும் பேசவில்லை.

விளக்கு வைத்ததும் நிறுத்தினோம். இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது. சுத்தியலைத் துடைத்துக்கொண்டே, "நாளைக்கு வருவீங்களா?" என்றான்.

லீவு போட்டிருக்கிறேன் என்றேன். போடவில்லை. காலையில் முதல் வேலையாகப் போய் எழுதிக் கொடுக்க வேண்டும்.