பதினொன்றா, பன்னிரண்டா

புக்கிட் பாத்தோக்
4 மார்ச் 2025

முனீரா அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் உங்கள் தம்பி வீட்டாரும் நோன்பை நல்லபடியாக ஆரம்பித்திருப்பீர்கள். இங்கே நானும் மகளும் சுகம். இவள் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். வாட்ஸப்பில் நான் இருபது வரி எழுதினால் நீங்கள் ஒரு கட்டைவிரலை அனுப்புகிறீர்கள். போனில் பேசினால் ஷிஃப்டுக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுகிறீர்கள். தபாலில் வந்ததற்குக் கட்டைவிரல் அனுப்ப முடியாது அல்லவா, அதனால்தான்.

நேற்று வேலாயுதம் அண்ணன் கூப்பிட்டார். குத்துச்சண்டைச் சங்கத்தின் புகழ்மண்டபத்துக்கு நம் முனீரா பெயரைச் செயலாளர் என்ற முறையில் அவரே முன்மொழிந்திருக்கிறாராம். தேர்வுக்குழுவில் ஏழு பேர். எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுத்தவர் ஒரே ஒருவர், அவளைப் பெற்ற அத்தா. இதை என்னிடம் சொல்ல அந்த மனுஷனுக்கே கூச்சமாக இருந்தது. எனக்கு அடுப்பில் கஞ்சி அடிப்பிடித்ததுகூடத் தெரியவில்லை.

பன்னிரண்டு சண்டை, பன்னிரண்டு வெற்றி. இருபத்து மூன்று வயதில் வட்டாரப் பட்டம். கண் போனதால் நின்றாள், தோற்று நிற்கவில்லை. இதற்குமேல் அவள் என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்குப் புரியும்படி ஒரு வரி எழுதுங்கள். சொந்த மகளுக்குக் கை தூக்கினார் என்று நாலு பேர் பேசுவார்கள் என்ற பயமா? அப்படியானால் ஒதுங்கி நில்லுங்கள். வாக்கே போட வேண்டாம். மற்ற ஆறு பேர் பார்த்துக்கொள்வார்கள்.

போன மாதம் கண் டாக்டரிடம் போனோம். வலது கண்ணில் இனிமேல் முன்னேற்றம் எதிர்பார்க்க வேண்டாம் என்றார். நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். உங்கள் பிரஷர் மாத்திரைக்குப் பாலிகிளினிக் கடிதம் இன்னும் இந்த முகவரிக்குத்தான் வருகிறது. 19ஆம் தேதி காலை பத்தரை. போங்கள்.

இப்படிக்கு,
ஷமீமா


காத்தோங்
8 மார்ச் 2025

அன்புள்ள ஷமீமா,

வ அலைக்கும் ஸலாம். கடிதம் கிடைத்தது. தம்பியும் பிள்ளைகளும் நலம்.

நீ ஒரு வரி கேட்டாய். ஒரு வரியில் முடியாது. மண்டபத்தின் விதிப்படி பதினைந்து சண்டையாவது போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் பட்டத்தை இரண்டு முறையாவது தக்கவைத்திருக்க வேண்டும். அவளிடம் இரண்டும் இல்லை. விதிவிலக்கு தரலாம், அதற்குத்தான் வாக்கெடுப்பு. விதிவிலக்கு என்றால் சாதனை அப்படிப்பட்டதாக இருக்க வேண்டும். முதல் ஐந்து எதிராளிகளில் நால்வர் அதுவரை ஒரு சண்டையிலும் ஜெயிக்காதவர்கள். ஆறாவது, திவ்யதர்ஷினி. நல்ல ஆட்டக்காரி. முனீரா ஒரே புள்ளியில் ஜெயித்தாள், அது நியாயமான தீர்ப்பு. பட்டம் காலியாகக் கிடந்தபோது கிடைத்தது. அந்தச் சுவரில் படமாக இருப்பவர்கள் முப்பது, நாற்பது முறை அரங்கில் ஏறியவர்கள். ஆட்சேபக் கடிதத்தில் பதினொரு சண்டைகளைப் பற்றியும் விவரமாக எழுதியிருக்கிறேன். வேலாயுதத்திடம் கேட்டால் பிரதி தருவார்.

ஒதுங்கி நில் என்கிறாய். அவள் சண்டைகளை முழுக்கத் தெரிந்தவன் அந்தக் குழுவில் நான் ஒருவன்தான். தெரிந்தவன் வெளியே போய்விட்டு, தெரியாதவர்கள் பாவப்பட்டுக் கை தூக்குவதா? இருபத்திரண்டு வருஷம் நடுவராக இருந்தேன். பாவப்பட்டு ஒருவருக்கும் ஒரு புள்ளி போட்டதில்லை.

கண்ணைப் பற்றி நான் கேட்கவில்லை என்று நினைக்காதே. முனீராவிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். 19ஆம் தேதி போகிறேன்.

ரவூப்


புக்கிட் பாத்தோக்
11 மார்ச் 2025

முனீரா அத்தாவுக்கு,

ஸலாம். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மகளைப் பற்றியா எழுதினீர்கள், சாங்கி விமான நிலையத்தில் நீங்கள் எடை போடும் சரக்கைப் பற்றியா? எடை குறைகிறது, ஏற்ற முடியாது, திருப்பி அனுப்பு.

முதல் சண்டையில் ஜெயித்து உதடு கிழிந்து வந்து நின்றாள். நான் அழுதேன். நீங்கள் இடது கை கீழே இறங்குகிறது என்றீர்கள். அவள் தலையை ஆட்டிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். அன்றைக்கே உங்களோடு சண்டை போட்டிருக்க வேண்டும். விட்டுவிட்டேன், இப்போது அதற்கும் சேர்த்துப் போடுகிறேன்.

இன்னொன்று. பதினொரு சண்டைகளைப் பற்றி எழுதினேன் என்கிறீர்கள். அவள் போட்டது பன்னிரண்டு. எண்ணத் தெரியாதவர் இல்லை நீங்கள். அந்தப் பன்னிரண்டாவதை ஏன் விட்டீர்கள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஒன்றரை வருஷமாக இருவரும் தெரியாத மாதிரி இருக்கிறோம்.

சாங்கிக்குக் காத்தோங் பக்கம், ஷிஃப்டுக்கு வசதி என்று சொல்லிவிட்டுப் பெட்டியோடு தம்பி வீட்டுக்குப் போனீர்கள். கல்யாணமாகி முப்பது வருஷம், சாங்கி அதே இடத்தில்தான் இருக்கிறது. அவளுக்கு இரண்டாவது ஆபரேஷன் முடிந்த வாரம் போனீர்கள். உன்னால்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன், அல்லது அழுதிருப்பேன். என்னிடம் சொல்ல முடியாததைச் சங்கத்துக்கு ஆட்சேபம் என்று எழுதி அனுப்புகிறீர்கள். அதற்கு என் மகளின் பெயர்தான் கிடைத்ததா?

இருப்பதைச் சொல்லுங்கள். பதினொன்றின் கதை எனக்கு வேண்டாம்.

ஷமீமா


காத்தோங்
18 மார்ச் 2025

ஷமீமாவுக்கு,

ஸலாம். ஒரு வாரமாக எழுதிக் கிழித்தேன். சொல்லித்தான் ஆக வேண்டும் என்கிறாய். சரி.

2023 ஆகஸ்டில் காலாங் அரங்கில் நாம் இருவரும் மூன்றாவது வரிசையில் இருந்தோம். ஆறாவது சுற்றில் அந்தத் தாய்லாந்துப் பெண்ணின் குத்து முனீராவின் வலது கண்ணில் விழுந்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து வந்த எதையும் அவள் பார்க்கவில்லை. தலையை முழுக்கத் திருப்பித் திருப்பித் தேடினாள். மற்றவர்களுக்கு அது தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. நான் எழுந்து சின்னத்தம்பியிடம் போகப் பார்த்தேன். அவன் கோச், சண்டையை நிறுத்த அவன்தான் அரங்கில் துண்டைப் போட வேண்டும். நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். "உட்காருங்க, நாலு ரவுண்டுதான். அவ ஜெயிச்சுட்டு இருக்கா" என்றாய்.

நான் உட்கார்ந்துவிட்டேன்.

ஊரான் பெற்ற பிள்ளைகள் எத்தனை பேரை நான் நடுவில் புகுந்து நிறுத்தியிருக்கிறேன் தெரியுமா? திட்டினார்கள், ஒருமுறை நாற்காலியைத் தூக்கி எறிந்தார்கள். நிறுத்தியதற்காக நான் வருத்தப்பட்டதே இல்லை. என் பிள்ளைக்கு மட்டும் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கு நான் நடுவராக இருந்திருந்தால் ஆறாவது சுற்றில் நிறுத்தி, தோல்வி என்று எழுதியிருப்பேன். பட்டம் போயிருக்கும். இரண்டு கண்ணோடு வீட்டுக்கு வந்திருப்பாள். என் கணக்கில் பதினொரு வெற்றி, ஒரு தோல்வி. பன்னிரண்டு வெற்றி என்று பொறித்து, அந்தச் சண்டையின் படத்தையே மாட்டப் போகிறார்களாம். வருஷத்துக்கு நாலு கூட்டத்துக்கு நான் அங்கே போக வேண்டும். அதைப் பார்த்துக்கொண்டு தேநீர் குடிக்க வேண்டும். என்னால் முடியாது.

நீ சட்டையை இழுத்தாய் என்பதற்காக நான் போகவில்லை. உன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் நான் உட்கார்ந்தது ஞாபகம் வந்தது. அதனால் போனேன். இதை நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ரவூப்


புக்கிட் பாத்தோக்
23 மார்ச் 2025

முனீரா அத்தாவுக்கு,

ஸலாம். உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுத் தொழப் போனேன். திரும்பி வந்தால் மகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, இடது கண்ணுக்கு அருகில் பிடித்துப் படித்துக்கொண்டிருக்கிறாள். பிடுங்கலாமா என்று நினைத்தேன். அதற்குள் கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டாள்.

நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஆறாவது ரவுண்டு இல்லம்மா. அஞ்சாவதுலயே வலது பக்கம் கறுப்புத் திரை மாதிரி இறங்கிடுச்சு. கோச் கேட்டாரு, கண்ணு ஓகேயான்னு. ஓகேன்னு சொன்னேன். அத்தா வந்து டவல் போட வச்சிருந்தா லைஃப்ல அவர்கூடப் பேசியிருக்க மாட்டேன். முடிஞ்சப்புறமும் நாலு நாள் யார்கிட்டயும் சொல்லல. டாக்டர் என்னைத் தனியா வச்சுத் திட்டினாரு, உடனே வந்திருந்தா பாதியாவது காப்பாத்தியிருக்கலாம்னு. நான் உங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லல. அது என் ஃபைட்டு லா. நீங்க ரெண்டு பேரும் எடுத்து உங்க ஃபைட்டா ஆக்கிட்டீங்க."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. நாலு நாள். அந்த நாலு நாளும் என் கையால் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, நல்லாத் தூங்கினேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நானோ ஒன்றரை வருஷமாகத் தொழுகை விரிப்பில் உட்கார்ந்து, அந்தச் சட்டையை இழுத்தேனே, இழுத்தேனே என்று புலம்பிக்கொண்டிருந்தேன். நன்றாகத் திட்டினேன். குனிந்து கேட்டுக்கொண்டாள். பிறகு இருவரும் அழுதோம்.

நான் இழுத்தது தப்பு. அவள் சொன்னதால் அது சரியாகிவிடாது. நீங்கள் உட்கார்ந்ததும் அப்படித்தான். ஆனால் அவள் கண்ணுக்கு நாம் இருவர் மட்டும் பொறுப்பு என்று நினைத்து ஆளுக்கொரு வீட்டில் உட்கார்ந்திருந்தோமே, அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பெருநாளுக்கு வாருங்கள். உங்கள் தங்கை குடும்பமும் வருகிறது. வாக்கு என்ன போடுவது என்று இனி நான் சொல்ல மாட்டேன். அது உங்கள் பாடு.

ஷமீமா


காத்தோங்
13 ஏப்ரல் 2025

அன்புள்ள ஷமீமா,

ஸலாம். பெருநாளன்று வீடு நிறைய ஆட்கள். உன்னோடு பேச இடம் கிடைக்கவில்லை, பிரியாணி நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். முனீராவிடமும் பேசவில்லை. அவள் லிஃப்ட் வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான்.

போன வியாழக்கிழமை அந்தப் பன்னிரண்டாவது சண்டையின் பதிவை முதல்முறையாகப் போட்டுப் பார்த்தேன். இதுவரை பார்த்ததில்லை. தாளை எடுத்து வைத்துக்கொண்டு, சத்தத்தை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் புள்ளி போட்டேன். எப்போதும் வலது காலை முன்வைத்து நிற்பவள், ஏழாவது சுற்றில் காலை மாற்றி நின்றாள். வலது தோளைப் பின்னுக்குத் தள்ளி, தெரிகிற கண்ணை முன்னால் கொண்டுவந்தாள். அப்படி நிற்க அவளுக்கு ஒருவரும் கற்றுக்கொடுத்ததில்லை. அந்த நிலையிலேயே கடைசி நாலு சுற்றில் மூன்றை எடுத்தாள். நான் நடுவராக இருந்திருந்தால் நிறுத்தியிருப்பேன், அதில் இப்போதும் மாற்றமில்லை. ஆனால் நிறுத்தாமல் விட்ட சண்டையில் அவள் ஜெயித்தாள். என் புள்ளியிலும் ஜெயித்தாள். பன்னிரண்டு.

நேற்றுக் கூட்டம். ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். பெற்றவன் வாக்குப் போடக்கூடாது என்று நீ முதலிலேயே சொன்னது சரியென்று பட்டது. எழுந்து வெளியே வந்து தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். அரைமணி நேரம் கழித்து வேலாயுதம் வந்தார், முகமே சரியில்லை. மூன்றுக்கு மூன்று. சரிசமம் என்றால் தள்ளுபடி, அதுவும் விதிதான். அவர் சொன்னார், "ரவூப், நீங்க உள்ள இருந்திருந்தா கதையே வேற."

உள்ளே இருந்திருந்தால் கை தூக்கியிருப்பேன். முனீராவிடம் இதை நீதான் சொல்ல வேண்டும். எனக்கு வாய் வரவில்லை.

ரவூப்


புக்கிட் பாத்தோக்
16 ஏப்ரல் 2025

முனீரா அத்தாவுக்கு,

ஸலாம். முப்பது வருஷத்தில் நான் சொன்ன ஒன்றைக் கேட்டீர்கள். அதற்கு இந்த ஒரு நாளைத்தான் தேர்ந்தெடுத்தீர்கள். உங்களைக் குறை சொல்லவும் வழியில்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

மகளிடம் சொன்னேன். கோபப்படுவாள், அழுவாள் என்று பயந்தேன். மூன்றுக்கு மூன்று என்றதும் வாயைப் பொத்திக்கொண்டாள். நீங்கள் வெளியே தண்ணீர் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றதைச் சொன்னதும் சிரிக்க ஆரம்பித்தவள், நிறுத்த முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நீங்கள் போட்ட புள்ளித்தாளைக் கேட்டாள். மண்டபம் எப்போதாவது வரட்டும், வராவிட்டாலும் பரவாயில்லை, அந்தத் தாள் தனக்கு வேண்டும் என்றாள். எட்டாவது சுற்றை யாருக்குக் கொடுத்தீர்கள் என்று அவளுக்கு உடனே தெரிய வேண்டுமாம். அதுதான் தோற்ற சுற்று என்று நீங்கள் எழுதியிருந்தால் வாதாடத் தயாராக இருக்கிறாள்.

சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் சின்னத்தம்பியின் ஜிம்மில் சனிக்கிழமை காலை பெண்களுக்கு வகுப்பு எடுக்கிறாள். கண்ணில் லேசாகப் பட்டாலும் நிறுத்திவிட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டாளாம். ஒருத்தி ஒத்துக்கொள்ளவில்லை என்று அவளையே வெளியே அனுப்பிவிட்டாள். இந்தக் கறார் யாரிடமிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

இந்த எழுத்து வேலையால் எனக்குக் கை வலிக்கிறது. உங்கள் தம்பி மனைவி பாவம், வாய்விட்டுச் சொல்ல மாட்டாள், ஒன்றரை வருஷமாக அவள் பிள்ளை கூடத்தில் படுக்கிறான். காலை ஷிஃப்டுக்கு இங்கிருந்தும் பஸ் இருக்கிறது, பார்த்துவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை முனீரா அங்கே வருவாள், உங்கள் சாமான்களைக் கட்ட. டாக்டர் அவளைப் பாரம் தூக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார், அவள் கேட்க மாட்டாள். பெரிய பெட்டியை நீங்களே தூக்குங்கள்.

ஷமீமா