கடைசி நாள் துடைப்பம்

என் கிண்டல்காரனுக்கு,

நீ போனதிலிருந்து விடியற்காலையில் மரத்தரையில் துடைப்பச் சத்தம் கேட்கிறது.

அப்போதெல்லாம் டெக்சஸ் டீச்சர்கள் ஓய்வுபெறும் கடைசி நாளில் மட்டும், அமெரிக்க அரசின் சமூகப் பாதுகாப்பு வரி பிடிக்கிற வேற்றூர்ப் பள்ளியில் துப்புரவு வேலை பார்த்தார்கள்; அப்படிச் செய்தால்தான் கணவனுக்குப் பின் அவனுடைய சமூகப் பாதுகாப்புப் பணம் கிடைக்கும். என்னையும் போகச் சொன்னாய்.

“முப்பது வருஷம் பாடம் நடத்தினவ, பெருக்க மாட்டேன்!”

“அப்ப நான் சாகவே கூடாதுங்கிற, டீச்சரம்மா.”

ஆறே வருடத்தில் போய்விட்டாய். “உங்களுக்குத்தான் டீச்சர் பென்ஷன் வருதே, அதுக்குக் கழிச்சா இதுல ஒண்ணும் மிஞ்சலைம்மா” என்றார் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் இருந்தவர்.

இப்போது அப்படிக் கழிக்கிற சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். நேற்று உன் பணம் வந்தது. இனி உன் துடைப்பச் சத்தம் நின்றுவிடுமோ என்று பயந்தேன். இன்றும் கேட்டது. எழுந்துபோய் நானும் துடைப்பத்தை எடுத்தேன்.

அந்த ஒரு நாள் வேலையை இன்று பார்த்து முடித்த,
உன் டீச்சரம்மா