சாப்பாட்டுக்குக் கழித்தது

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நானும் நம் வாலுவும் நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? டாக்டரைப் பார்த்தீர்களா, இல்லை வழக்கம்போல நாளைக்கு, நாளைக்குத்தானா? வாலுவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரித்தால் கிழவி மாதிரி இருக்கிறாள். சொன்னால் என்னை அடிக்க வருகிறாள்.

ஒரு விஷயம் போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வாசல் பலகையில் நிதி ஆலோசகர் என்று இருந்தாலும் எனக்குச் சோறு போடுவது எது என்று உங்களுக்குத் தெரியும். விபத்தில் போனவர் இருந்திருந்தால் எவ்வளவு சம்பாதித்திருப்பார் என்று நீதிமன்றத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பது. இந்த முறை ஏழு வயதுப் பெண் குழந்தை. ஒரு பெரிய கடையின் லிஃப்டில் நடந்தது. கடைக்காரர்களின் வக்கீல்தான் என்னை அமர்த்தினார். அவளுக்குப் படிப்பு, வேலை, சம்பள உயர்வு, அறுபதில் ஓய்வு எல்லாம் நானே கொடுத்தேன். பிறகு வழக்கப்படி, உயிரோடு இருந்தால் தன் சாப்பாடு துணிமணிக்கு அவள் செலவழித்திருக்கும் பணம் என்று பாதியைக் கழித்தேன்.

சமரசப் பேச்சில் வக்கீல் அதை வாசித்தார். குழந்தையின் அம்மா என்னைப் பார்த்து, "சாப்பாட்டுக்கா மேடம் இவ்ளோ கழிச்சிருக்கீங்க? அவ சாப்பிடவே மாட்டாளே. ரெண்டு வாய் ஊட்டுறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும்" என்றாள். பேரம் பேசுகிற குரல் இல்லை அது. என் கணக்கில் தப்பு இருக்கிறதென்று நினைத்துச் சொல்கிறாள், பாவம்.

அன்றிலிருந்து அந்தக் குழந்தை வீட்டுக்கு வருகிறாள். சிரிக்காதீர்கள். பேய் பிசாசு என்றால் உங்கள் அக்காவைக் கிண்டல் செய்தவள் நான்தான். மகளுக்குச் சோறு வைக்கும்போது எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். ஒருநாள் ஏழு வயது. ஒருநாள் நான் கொடுத்த வேலைக்குப் போகிற வயது, தோளில் பை. நேற்று தலை நரைத்திருந்தது. எந்த வயதிலும் தட்டைத் தொடுவதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறதுங்க. யாரைம்மா பார்க்கிறே என்று மகள் கேட்கிறாள்.

சமரசம் ஆகவில்லை. வெள்ளிக்கிழமை நீதிமன்றத்தில் அந்த அம்மா முன்னால் நான் சாட்சி சொல்ல வேண்டும். பாதி கழிப்பது வழக்கம்தான், சட்டமில்லை. கால்பங்குக்கு மேல் கழிக்க மாட்டேன் என்று வக்கீலிடம் சொல்லிவிட்டேன். "நீங்க யார் பக்கம் மேடம்?" என்று குதித்தார். இனி அந்த மனுஷன் என் அலுவலகப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். அவர் கொடுக்கும் வேலைதான் எனக்குப் பெரிய வரவு. வீட்டுக்கடன் தவணையைக் கொஞ்ச நாள் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். திட்டுவதானால் நேரில் வந்து திட்டுங்கள்.

இன்னொன்று, தட்டாமல் செய்யுங்கள். போனில் மகளிடம் எதை வேண்டுமானாலும் கேளுங்கள், சாப்பிட்டியா என்று மட்டும் கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கேட்டதும் அவள் "சாப்பிட்டேன்ப்பா" என்றாள். கூடவே எதிர் நாற்காலியிலிருந்து "இல்லப்பா" என்று கேட்டது.

சீக்கிரம் வாருங்கள்.

உங்கள் வழி பார்த்திருக்கும்,
வாலுவின் அம்மா