என் தம்பி நன்றாக இருக்கிறான்

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். உன் மாமாவுக்கு மட்டும் முழங்கால் வலி. மழை பெய்தால் வலிக்கிறது என்கிறார், பெய்யாவிட்டால் மழையே இல்லை என்று புலம்புகிறார்.

நீ மேம்பாலத்தடியை விட்டு அந்தக் குடியிருப்புக்குப் போனதிலிருந்து நான் நிம்மதியாகத் தூங்குகிறேன். நீ தூங்குகிறாயா என்றுதான் தெரியவில்லை. போன கடிதத்துக்குப் பதில் இல்லை. வாங்கிக் கொடுத்த போன்களையெல்லாம் தொலைத்துவிட்டு இந்த வயதில் என்னைத் தபால் பெட்டி தேட வைத்திருக்கிறாய்.

ஒரு செய்தி. தெருவில் இருந்தவர்களுக்கு அறையும் கொடுத்து, பார்த்துக்கொள்ள ஆளும் வைத்திருக்கிற உங்கள் குடியிருப்புக்கு நகரசபை தரும் பணம் இந்த மாதத்தோடு முடிகிறதாம். தொடர்வதா வேண்டாமா என்று நிதிக் குழு கூடுகிறது. குடும்பத்தாரும் பேசலாம் என்று எனக்குத் தாள் வந்திருக்கிறது. போகிறேன். கடையில் பள்ளிச் சீருடைகள் தைக்காமல் குவிந்து கிடக்கின்றன, கிடக்கட்டும்.

கதவைத் திறந்து போட்டுப் படுக்கிறாயாமே, உங்கள் குடியிருப்பு நர்சம்மா போனில் சொன்னார். தாழ் போட்டுப் படு.

உன் அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கோபப்படாதே. எழுத உட்கார்ந்தால் கால் எழுப்பிவிடுகிறது. இந்தப் பக்கத்தை முடிப்பதற்குள் எத்தனை தடவை படிக்கட்டு வரை போய் வந்தேன் என்று எனக்கே தெரியாது.

அறைக்கு ஒரு குறையும் இல்லை. கட்டில், ஜன்னல், எனக்கே எனக்கென்று ஒரு குளியலறை. ஆனால் கட்டிலில் படுக்க முடியவில்லை. வாசல் பக்கம் தலை வைத்துத் தரையில் படுக்கிறேன். கதவைச் சாத்தினால் யாரோ வெளியே பூட்டிவிட்டுப் போன மாதிரி இருக்கிறது. ஏழு வருஷம் ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கியவனுக்குச் சுவர் பழக நாளாகும் என்கிறார் நர்சம்மா.

அவர் தினமும் காலையில் ஒவ்வொரு கதவாகத் தட்டுவார். "உயிரோட இருக்கீங்களா, இல்ல நான் உள்ள வரணுமா?" என்பார். பக்கத்து அறைக்காரர் எதற்கெடுத்தாலும் வாதாடுகிறவர், வக்கீல் என்றுதான் கூப்பிடுவோம். "இருக்கேன்மா, ஆனா ஒத்துக்க மாட்டேன்" என்று உள்ளேயிருந்தே கத்துவார். குரல் கேட்டால்தான் நர்சம்மா அடுத்த கதவுக்கு நகர்வார். என்னிடம் மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்கும்வரை நிற்பார்.

காலையில் அவர் வந்து தட்டுவார் என்பதற்காகத்தான் விடியும்வரை அறைக்குள் இருக்கிறேன். இல்லையென்றால் எப்போதோ கிளம்பியிருப்பேன். கூட்டத்தில் பேசினால் இதைச் சொல்.

தம்பி


மார்ச் 17

என் அருமைத் தம்பிக்கு,

போய் வந்துவிட்டேன். பெரிய கூடம், ஆளுக்கொரு மைக். முன்வரிசையில் யார் தெரியுமா? எனக்குச் சீருடைத் துணி தரும் தலைமையாசிரியை. அவருக்கு உன்னைப் பற்றி எதுவும் தெரியாது.

நீ எழுதியதைச் சொல்லத்தான் எழுந்தேன். அதற்குள் குழுவில் ஒருவர், "தெருவுல கெடந்தவங்களுக்கு வீடும் குடுத்து, காலையில எழுப்பிவிட ஆளும் வைக்கணுமா? அடுத்து தாலாட்ட ஆள் கேப்பாங்களா?" என்றார். கூடமே சிரித்தது. தலைமையாசிரியையும் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மைக்கைப் பிடித்து, "என் தம்பி நல்லா இருக்கான். அவனே சமைச்சுக்கிறான், அவனே மாத்திரை போட்டுக்கிறான். அவனை யாரும் எழுப்ப வேண்டியதில்லை" என்றேன்.

கைதட்டினார்கள்! தலைவர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். உன் பேச்சு வந்தாலே ஊரில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், ஒரு கூட்டமே கைதட்டி இப்போதுதான் பார்க்கிறேன். வீடு வரும்வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். சந்தோஷத்தில்தான்.

அக்கா


ஏப்ரல் 6

அக்கா,

கட்டடத்துக்குப் பணம் உண்டு, ஆட்களுக்குக் கிடையாது என்று முடிவாகிவிட்டது. தீர்மானத்தை வாசலில் ஒட்டியிருக்கிறார்கள். 'குடியிருப்போர் தம் தேவைகளைத் தாமே கவனித்துக்கொள்வதாக அவர்களது குடும்பத்தினரே தெரிவித்துள்ள நிலையில்' என்று ஆரம்பிக்கிறது. வக்கீல் அதை உரக்கப் படித்துவிட்டு, "எவன்யா அந்தக் குடும்பம்? கையில கெடைச்சா கேஸ் போட்டு இழுத்துருவேன்" என்றார். அது என் அக்கா என்று சொல்லாமல் அறைக்குள் வந்துவிட்டேன்.

நர்சம்மா மாத்திரை டப்பாவை என்னிடமே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இப்போது வாசலில் ஒரு காவலாளி மட்டும் இருக்கிறார். அவருக்குக் கட்டடத்தைக் காக்கத்தான் சம்பளம்.

முந்தாநாள் வக்கீல் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். நான் சுவருக்கு இந்தப் பக்கம்தான் இருந்தேன். காலையில் ஏதோ இடிக்கிற சத்தம் கேட்டது. குழாய் ரிப்பேர் என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் கதவுக்கடியில் தண்ணீர் வந்த பிறகுதான் உடைத்துப் பார்த்தோம். இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

நான் மூட்டையைக் கட்டி வைத்திருக்கிறேன். நேற்று மேம்பாலம் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். என் இடத்தில் வேறு யாரோ படுத்திருந்தார். நல்லவேளை என்று தோன்றவில்லை, அக்கா. இடம் போச்சே என்றுதான் தோன்றியது.

தம்பி


ஏப்ரல் 10

தம்பிக்கு,

உன் கடிதத்தை மாமாவிடம் காட்டவில்லை. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. உனக்காகப் பேசப் போய் எனக்கா இந்தப் பழி என்று முணுமுணுத்துக்கொண்டே மெஷினில் உட்கார்ந்தேன். எழுந்து பார்த்தால் ஒரு சட்டைக்கு இரண்டு பக்கமும் இடது கையே வைத்துத் தைத்திருக்கிறேன்.

நீ எழுதியதைப் படித்துவிட்டுத்தான் போனேன். தெரியாமல் பேசவில்லை. அந்தச் சிரிப்புக்கு எதிரே நின்றுகொண்டு, ஆமாம், என் தம்பியை எழுப்ப ஆள் வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூட்டையைக் கட்டியிருந்தால் நேராக இங்கே வா. பின்னறையை ஒழித்துத் தருகிறேன். நானே தினமும் கதவைத் தட்டுகிறேன். பாலத்தடிக்கு மட்டும் போய்விடாதே. பதில் போடு. வீட்டில் ஒரு வேலை ஓடவில்லை, வாசலுக்கும் அடுப்புக்குமாக அலைந்துகொண்டிருக்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

பாலத்தடிக்குப் போகவில்லை. உன் வீட்டுக்கும் வரப்போவதில்லை. நீ தட்டிவிட்டு நிற்கிற ஆளா? திறந்துகொண்டு உள்ளே வந்து போர்வையைச் சரி செய்வாய். சாப்பிட்டாயா என்பாய், ஏன் சாப்பிடவில்லை என்பாய். ஒரு வாரத்தில் நான் ஓடிவிடுவேன். அது உனக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரிக்குப் போய் வக்கீலிடம் அந்தக் குடும்பம் யார் என்று சொல்லிவிட்டேன். "உங்க அக்கா மேல கேஸ் நிக்காதுய்யா. கூடப்பொறந்தவங்க அப்படித்தான் பேசுவாங்க. ஆனா முடிவை மாத்தச் சொல்லி மனு போடலாம். எழுது" என்றார். படுத்தபடியே அவர் சொல்ல, நான் எழுதினேன். பாதி வரி திட்டு, அவரைப் பார்க்க வந்த நர்சம்மா பிறகு அதை அடித்துவிட்டார்.

மனுவை எடுத்துக்கொண்டார்கள். இருபத்தெட்டாம் தேதி குழு மறுபடி கூடுகிறது. வக்கீலால் வர முடியாது. நான்தான் பேச வேண்டும்.

என்ன பேசப்போகிறேன் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். தரையில் படுக்கிறேன் என்பேன். நர்சம்மா போனதிலிருந்து மாத்திரை போட்டேனா இல்லையா என்று பல நாள் தெரியவில்லை என்பேன். பக்கத்தில் ஒரு மனிதர் விழுந்து கிடந்து சுவரை இடித்தும் எனக்கு எழுந்து போய்ப் பார்க்கத் தோன்றவில்லை என்பேன். சிரிக்கிறவர்கள் சிரிப்பார்கள். உன் தலைமையாசிரியையும் இருக்கலாம். அந்த நேரத்தில் நீ தலையைக் குனிந்தால் எனக்குப் பேச்சு நின்றுவிடும்.

நிமிர்ந்து உட்கார முடியுமென்றால் வா. முடியாதென்றால் வீட்டிலேயே இரு, நான் தப்பாக நினைக்கமாட்டேன். மூட்டையை இன்னும் பிரிக்கவில்லை.

தம்பி


ஏப்ரல் 19

தம்பிக்கு,

பேசுகிறவர்களில் என் பெயரையும் கொடுத்துவிட்டேன். உனக்கு முன்னால் என்னைக் கூப்பிடுவார்கள். போன தடவை நான் சொன்னது பொய் என்று மைக்கில் சொல்லிவிட்டு உட்காருகிறேன். சிரிக்கிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்து முடிக்கட்டும். அதன் பிறகு நீ எழுந்திரு.

அக்கா