வாண்டுவின் கயிறு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம் என்று தொடங்கத்தான் நினைத்தேன், மனம் வரவில்லை. நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளையும் சுகமாக இருந்தால் அதுவே எனக்குப் போதும்.

உன் அத்தான் சொன்னதை முதலில் எழுதிவிடுகிறேன். வாண்டு சொன்ன பேச்சு கேட்பதில்லையாம். தையல் கடையில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறதாம், நாயோடு மல்லுக்கட்ட நேரமில்லையாம். கொண்டுவந்து விட்டவனே வந்து கூட்டிக்கொண்டு போகட்டும் என்கிறார். இவ்வளவுதான் எழுதச் சொன்னார். படித்தும் காட்டிவிட்டேன். இனி எழுதுவது அவருக்குத் தெரியாது.

நீ குட்டியாகக் கொண்டுவந்தபோது அது என்ன ஆட்டம் போட்டது! சோபாவின் வயிற்றைக் கிழித்தது. தைக்க வந்த கோட்டின் ஒரு கையைத் தின்றே விட்டது. துரத்திவிடுங்கள் என்று நான் கத்தினேன். அவர் ஒரு அடி அடிக்கவில்லை. தினமும் காலையில் பஸ் டெப்போவுக்குப் பின்னாலிருக்கும் மைதானத்தில், ரொட்டித் துண்டுகளோடு, அது ஓடி ஓய்ந்து தானே திரும்பி வரும்வரை சும்மா நிற்பார். வந்ததும் கையைத் தூக்குவார், உட்காரும். தாழ்த்துவார், படுக்கும். அங்கே நாயோடு வந்த மற்றவர்கள் குரலும் கொடுத்துத்தான் பழக்கினார்கள். உன் அத்தானுக்கோ வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும், அதனால் எல்லாம் வெறும் கைதான். என்னிடம் இந்த மனிதர் இத்தனை பொறுமை காட்டியதில்லை என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

போன மாதம் நாய்களுக்கான கீழ்ப்படிதல் போட்டி நடந்தது. அந்தக் கோடியில் வாண்டு, இந்தக் கோடியில் அவர். அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அது உட்கார்ந்தது, படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்தது. ஜனங்கள் சிரித்தார்கள். நடுவர் வெளியே போகச் சொல்லிவிட்டார். வீடு வந்து சேரும்வரை இவர் அதைத் திட்டித் தீர்த்தார். நான் வேலிக்கு வெளியே, அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். நாய் மேல் ஒரு தப்பும் இல்லை தம்பி. தொடையோடு ஒட்டி வைத்திருந்த அவருடைய வலது கை ஆடிக்கொண்டே இருந்தது. வாண்டு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கீழ்ப்படிந்தது.

கொஞ்ச காலமாகவே ஊசியில் நூல் கோர்க்க என்னைத்தான் கூப்பிடுகிறார். கண் மங்கிவிட்டதாம். கெஞ்சிக் கூத்தாடி டாக்டரிடம் கூட்டிப்போனேன். இந்த நடுக்கம் குணமாகாது, மாத்திரை போட்டாலும் போகப் போக அதிகமாகும் என்றார் டாக்டர். அந்த ஆளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று படியிறங்கும்போதே இவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை வாசலில் வாண்டுவை உட்காரவைத்துவிட்டு, இரண்டு கைகளையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். இனி வாயால் பழக்கப்போகிறாராம். அது அசையவே இல்லை. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ரொட்டி கொடுக்கக் கையை வெளியே எடுத்தார். அது படுத்தது. கையை உள்ளே விட்டார், அப்படியே கிடந்தது. மறுபடி எடுத்தார், எழுந்தது. வெகுநேரம் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டரை நம்பாதவர் நாயை நம்பிவிட்டார்.

அன்றிலிருந்து அதைத் திட்டுவதும் இல்லை, மைதானத்துக்குக் கூட்டிப்போவதும் இல்லை. அவர் டீ குடிக்கும்போது எதிரே வந்து உட்கார்ந்து, கோப்பை ஆட ஆட, எழுவதா படுப்பதா என்று தெரியாமல் வாண்டு தவிக்கிறது. பாதி டீயோடு எழுந்து போய்விடுகிறார்.

நல்ல செய்தி என்று எழுத என்னிடம் எதுவும் இல்லை. நீ சீக்கிரம் வந்து அதைக் கூட்டிக்கொண்டு போ. கயிற்றை அவரே உன்னிடம் கொடுக்க வருவார். கொடுக்கிற அந்த நேரம் மட்டும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசு. கையைப் பார்க்காமல் இருக்க நாய்க்குத்தான் தெரியாது.

கை கால் சுகத்தோடு நீ நன்றாக இருக்க வேண்டும், என் ராஜா.

உன் அக்கா