டேங்குக்குள்ள விபூதி

கிருஷாந்தி,

தேயிலை மலையில கொழுந்து எடுத்துட்டு வந்ததும் அடுப்பு பத்த வச்சிடாத. வாசப்பக்கம் இஸ்தோப்புல பைக்குக்கு அடியில ஒரு டின் வச்சிருக்கேன், முதல்ல அதப் பாரு. ஒரு சொட்டு பெட்ரோல் விழுந்திருந்தாலும் கதவு ஜன்னல் எல்லாத்தையும் தொறந்து போட்டுட்டு காத்தாயி அக்கா வீட்டுல போயி இரு. சோறும் கருவாட்டுக் கொழம்பும் மூடி வச்சிருக்கேன்.

விடிஞ்சதுல இருந்து காபரேட்டரோடதான் மல்லுக்கட்டுறேன். பெட்ரோல அடைக்கிற ஊசி சரியா உக்காரல. கழட்டிப் பார்த்தா அதுக்கு அடியில சாம்பல் சேறு. டேங்க் மூடிக்கு உள்பக்கம் குங்குமம் வேற. கோயில் விபூதிய எனக்குத் தெரியாம டேங்குக்குள்ள போட்டிருக்க, என்ன?

உன் தம்பி வினோஜன் பைக்க எடுத்துட்டுப் போயி அழுக்கு பெட்ரோல் அடிச்சுட்டான்னு நேத்து அந்த ஏச்சு ஏசினேனே, பக்கத்துல நின்னுக்கிட்டு நீ ஏன் வாயத் தொறக்கல? இனி அவன் மொகத்துல நான் எப்படி முழிக்கிறது? இன்னைக்கு வந்தான்னா டீ குடுத்து உக்கார வை. நான் வர்ற வரைக்கும் விடாத.

பஸ்ல மாத்தளைக்குப் போறேன், பெட்ரோல் டாப்புக்கு ஃபில்டர் வாங்கணும். பெட்ரோல் வராம டாப்ப மூடியிருக்கேன், தொடாத.

நிரஞ்சன்

இனிமே விபூதிய டேங்குல போடாத. என் நெத்தியில பூசு, குனியிறேன்.

பனி மூட்டத்துல நான் எல்கடுவ ரோட்டுல போறது ஒனக்கு இவ்வளவு பயம்னா வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே.

இல்ல, நீ சொன்ன. நாந்தான் காதுல வாங்காம பைக்க ஸ்டார்ட் பண்ணிட்டேன்.