உறை தளர்கிறது

ஜனவரி 12

பனி விடவில்லை. என் மகள் சுஸுனோ இன்று தானாகவே கவிழ்ந்து, ஒரு முழம் ஊர்ந்துவிட்டாள். சந்தோஷப்பட வேண்டியவள் நான். ஆனால் முதலில் பார்த்தது, அவளுக்கும் அந்தக் கத்திக்கும் இடையில் இன்னும் எவ்வளவு தூரம் என்றுதான்.

கத்தி அழகு, இல்லையென்று சொல்லமாட்டேன். இரும்பு மட்டும் பரம்பரையாக வந்தது. மற்றதெல்லாம் சுஸுனோவுக்காகப் புதிதாகச் செய்தது. உறை என் கணவர் தெத்சுஜி செதுக்கியது. மேலே கறுப்பு அரக்குப் பூச்சு. கைப்பிடி அவர் அம்மா, என் அத்தை, சுற்றியது: திருக்கைத் தோல்மேல் கருநீலப் பட்டு நாடா, நாடாவுக்கடியில் கட்டைவிரல் நகம் அளவில் இரண்டு வெண்கல நாய்க்குட்டிகள். எல்லாம் சரி. குழந்தையின் தலைமாட்டில் கூரான இரும்பை யாராவது வைப்பார்களா? அத்தையிடம் கேட்டேன்.

"காத்து கருப்பு அண்டக்கூடாதுன்னுதான். ஏன், உன் காலேஜ்ல அதுக்கு வேற மருந்து சொல்லிக் குடுத்தாங்களா?"

தெத்சுஜியின் அக்கா கைக்குழந்தையாக இருந்தபோது இதே அறையில்தான் இறந்துபோனாளாம். கத்தியை மெருகுக்குக் கொடுத்திருந்த வாரத்தில். அதைச் சொன்ன பிறகு நான் என்ன வாதாடுவது?

ஜனவரி 15

எனக்குத் தைரியம் வரட்டும் என்று தெத்சுஜி கத்தியைத் தலைகீழாகப் பிடித்து உதறிக் காட்டினார். விழவில்லை. அலகின் அடியில் ஒரு செம்புப் பட்டை இருக்கிறது. அது மட்டும்தான் உறையின் வாயைக் கவ்விப் பிடிக்கிறது. மற்றபடி இரும்பு எங்கேயும் மரத்தைத் தொடாது.

"கொழந்தைய விடு. நீயே கட்டைவிரலால முட்டித் தள்ளினாத்தான் வாய் விடும்."

கொஞ்சம் நிம்மதி.

ஜனவரி 21

தூசி தட்ட எடுத்தேன். லேசாகச் சாய்ந்ததும் கத்தி தானாகவே வெளியே நழுவியது, ஒரு விரலளவு. நான் கத்திய கத்தலில் சுஸுனோ வீறிட்டாள்.

தெத்சுஜி பட்டறையிலிருந்து ஓடிவந்தார், முழங்கைவரை மரத்தூள். இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். பிறகு வெங்காயச் சருகு மாதிரி ஒரு மரச்சீவலை எடுத்து, சோற்றுப் பசை தடவி, உறையின் வாய்க்குள் ஒட்டினார்.

"குளிர்ல மரம் சுருங்கியிருக்குமா?"

"இது சுருங்கினதில்ல. தேய்ஞ்சது. உருவி உருவித் தேய்ஞ்சது."

"எத்தனை நாள் உருவினா இப்படி ஆகும்?"

"நாளா? வருஷக்கணக்குல உருவணும்."

போன இலையுதிர் காலத்தில் செய்த உறை.

ஜனவரி 22

யார் உருவுகிறார்கள்?

ஜனவரி 26

மறுபடியும் தளர்ந்துவிட்டது. ஒட்டிய சீவல் பொடியாக உதிர்ந்தது.

காலைச் சாப்பாட்டில் கேட்டேவிட்டேன். "அத்தை, ராத்திரியில கத்திய எடுக்கிறீங்களா?"

முள்ளங்கி ஊறுகாயைக் கடித்தபடியே சொன்னார்: "எதுக்கு? உன்னைக் குத்தவா? அதுக்குத்தான் என் வாய் இருக்கே."

தெத்சுஜி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் சுஸுனோ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை, சிரிக்கவில்லை. கண் மட்டும் இடமிருந்து வலமாக, மெதுவாக, எதையோ பின்தொடர்ந்து போயிற்று. போய்ப் பார்த்தேன். சீமைப்பனிச்சை மரம். அதன்மேல் பனி. வேறொன்றும் இல்லை. என்ன இருக்கப்போகிறது?

ஜனவரி 29

அத்தை கத்தியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் சுற்றிய நாடா, அவருக்குத் தெரியாதா. பட்டில் ஒரு பக்கம் மட்டும் மினுமினுப்பு ஏறியிருந்தது.

"இது கை பட்டுப் பட்டு வந்த பளபளப்பு. சின்னக் கை. எடது கை."

நான் அப்போது அடுப்படியில் சூப் ஊற்றிக்கொண்டிருந்தேன். கரண்டி எந்தக் கையில் இருந்தது என்று அத்தை பார்த்தார். நானும் பார்த்தேன்.

"பொண்ணே, நீ நல்லாத் தூங்குறியா?"

தூங்குகிறேனே! அடித்துப் போட்டது மாதிரித் தூங்குகிறேனே!

ஜனவரி 30

தெத்சுஜிக்குத் தெரிந்திருக்கிறது. ரெண்டு தடவை பார்த்தாராம்.

"ஏன் சொல்லல? ஏங்க சொல்லல?"

"பயந்துடுவேன்னுதான். கையிலேருந்து வாங்கி வெச்சுட்டு உன்னப் படுக்க வெச்சேன். கண்ணு தொறந்துதான் இருந்துச்சு, ஆனா நீ முழிக்கல."

கேட்க முடியாததைக் கேட்டேன். "கொழந்தையப் பாத்தா நின்னேன்?"

"இல்ல. கொழந்தைக்கு முதுகக் காட்டிக்கிட்டு. ஜன்னலப் பாத்து."

அது ஆறுதலா? உருவின கத்தியோட, தூக்கத்துல, என் பிள்ளைக்கு ஒரு அடி தூரத்துல நின்னிருக்கேன். ஒரு நாள் திரும்பி நின்னா? இந்தக் கையை நான் எப்படி நம்புவேன்? இரும்பை எடுத்துவிடுங்கள் என்று அழுதேன். அத்தை மறுக்கவில்லை. மறுப்பார் என்று நினைத்தேன்.

பிப்ரவரி 2

டாக்டர் தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார். புதுத் தாய்மார்களுக்கு வருவதுதானாம்.

மாலையில் தெத்சுஜி கைப்பிடியின் மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்து அலகை உருவினார். அதைப் பூச்சில்லாத வெள்ளை மர உறையில் போட்டுப் பட்டறை அலமாரியில் பூட்டினார். சாவி அவர் கழுத்தில். கைப்பிடிக்குள் அதே அளவில் ஒரு மர அலகு. இரும்புக்கு ஓய்வு கொடுக்கும்போது மற்ற உறுப்புகள் குலையாமல் இருக்க இவர்கள் தொழிலில் செய்வதுதான் இது. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை.

"இதால டோஃபுவக்கூட வெட்ட முடியாது," என்றார். நெடுநாள் கழித்துச் சிரித்தேன்.

பிப்ரவரி 3

வறுத்த சோயா மொச்சை வீசும் நாள். 'பிசாசே வெளியே, பாக்கியமே உள்ளே' என்று அத்தை ஜன்னல் பக்கமே வீசிக்கொண்டிருந்தார். மற்ற அறைகளுக்குப் போகவேயில்லை. மாத்திரை போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 4

இடது மணிக்கட்டில் வலியோடு விழித்தேன். சுஸுனோ சூடாக, முழுசாக, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். விரல்களை எண்ணினேன். கத்தி உறைக்குள், தாங்கியின் மேல்.

தெத்சுஜி உருவினார். மர அலகின் விளிம்பில், நுனிக்குச் சற்றுக் கீழே ஒரு வெட்டு. நகம் இறங்கும் ஆழம். உள்மரம் வெளுப்பாக, புத்தம்புதிதாக.

"எங்கேயாவது இடிச்சிருப்பேனோ?"

"இடிச்சா நசுங்கும். இது வெட்டு."

தூண், தாங்கி, ஜன்னல் சட்டம் எல்லாவற்றையும் தடவித் தடவிப் பார்த்தோம். எதிலும் ஒரு கீறல்கூட இல்லை.

அவர் கழுத்துச் சாவியைக் கழற்றினார். நான் சுஸுனோவை இறுக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். இரும்பு அலகை எடுத்துவந்து துடைத்தார், எண்ணெய் பூசினார், கைப்பிடிக்குள் செலுத்தினார், மூங்கில் ஆணியைத் தட்டினார். வேண்டாம் என்று சொல்ல நிறைய நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை.

இப்போது அத்தை தன் படுக்கையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஜன்னலோரம் விரித்துவிட்டார். கத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"நீ படு பொண்ணே. இன்னைக்கு என் மொறை."

எழுதி முடித்துவிட்டுப் படுக்கிறேன் என்றேன்.

"சீக்கிரம் வெளக்க அணை. வெளிச்சம் இருந்தா வெளிய நிக்கிறது கண்ணுக்குத் தெரியாது."